பத்தொன்பதாவது படகு

அந்த ஆற்றுத் துறையில் தண்ணீரின் ஆழத்தை யாரும் அடிக்கணக்கில் சொல்வதில்லை. முழங்கால், தொடை, இடுப்பு, மார்பு, கழுத்து. அதற்கு மேலே போனால் ‘ஆள் மூழ்கும்’. அவ்வளவுதான் அவர்களுடைய அளவுகோல். இதில் ஒரு சிக்கல் இருக்கிறதென்று வெளியூர்க்காரனுக்குத்தான் தோன்றும், அவர்களுக்குத் தோன்றாது. ஒருவர் ‘இடுப்பளவு’ என்று சொன்னால், கேட்பவர் சொன்னவரை ஒரு தரம் மேலும் கீழும் பார்ப்பார். சொன்ன ஆள் எதிரில் இல்லையென்றால், “யாரு இடுப்பு?” என்று கேட்பார். “குள்ள மாமா இடுப்பு” என்று பதில் வந்தால் பிள்ளையைக்கூடக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகலாம். “நெட்டை இடுப்பு” என்று வந்தால் தலையில் இருக்கும் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் படகுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

நெட்டை என்பது ஒரு பெண். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்ட அப்பா போன பிறகு அது ஏதோ ஓர் அரசாங்கக் காகிதத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. சின்னவர்களுக்கு அவள் நெட்டையக்கா, பெரியவர்களுக்கு வெறும் நெட்டை. ஆறடிக்கு மேல் இரண்டு விரற்கடை. கட்டிலில் கால் நீட்டினால் பாதம் வெளியே தொங்குமென்று கால்மாட்டில் ஒரு முக்காலியைப் போட்டுவைத்திருந்தாள். வீட்டு வாசல்நிலையின் மேல்கட்டை அவள் நெற்றியை முப்பது வருடமாக இடித்து இடித்து அந்த இடத்தில் மட்டும் மெருகேறிப் பளபளத்தது. பெண் பார்க்க இரண்டு இடத்திலிருந்து வந்தார்கள். பார்த்தார்கள், அண்ணாந்து பார்த்தார்கள், போய்விட்டார்கள். “கழுத்து சுளுக்கிக்கும்னு பயந்துட்டாங்க போல” என்று அவளே சொல்லிச் சிரித்தாள். தங்கைக்குத் துறையிலேயே ஒரு படகுக்காரரோடு கல்யாணத்தை முடித்துவைத்தாள். தான் அப்பாவின் படகோடு இருந்துவிட்டாள்.

அந்தப் படகுதான் அவளுக்குச் சோறு, துணி, மரியாதை எல்லாம். துறையில் மொத்தம் பத்தொன்பது படகுகள். யார் முந்தி, யார் பிந்தி என்ற அடிதடியே கிடையாது. காலையில் விசிலண்ணன் என்கிற ஒருவர் படித்துறையின் மேல்படியில் உட்கார்ந்து விசில் ஊதி முறை கூப்பிடுவார். கூப்பிட்ட படகு ஆள் ஏற்றும். பத்தொன்பதும் போய் வந்தால் ஒரு சுற்று. சட்டம் ஒன்றே ஒன்றுதான்: மூன்று விசில் ஊதிக் கூப்பிட்டு முடிப்பதற்குள் படகில் ஓர் ஆளாவது ஏற வேண்டும். யாருமே ஏறாத படகு முறையிலிருந்து கழிந்துபோகும். ஓட்டை உடைசலைக் கட்டிக்கொண்டு யாரும் வந்துவிடக் கூடாதென்று எந்தக் காலத்திலோ வைத்த சட்டம். அதில் தயவு தாட்சண்யம் கிடையாது. பெற்றவர், கூடப்பிறந்தவர் என்று சொந்த வீட்டு ஆளையோ, படகைக் கட்டியவரையோ ஏற்றிக் கணக்குக் காட்டவும் முடியாது.

நெட்டையின் முறை பத்தொன்பதாவது. கடைசி முறை என்பதால் அவளுக்குச் சண்டை போட நிறைய நேரம் கிடைத்தது. குள்ள மாமா அவளுடைய அம்மாவுக்குத் தம்பி, பதினெட்டாவது படகுக்காரர். அவருக்கும் அவளுக்கும் தினமும் ஒரு வாய்ச்சண்டை நடக்காவிட்டால் துறையில் யாருக்கும் பொழுது விடிந்த மாதிரியே இருக்காது.

இப்படி இருந்த இடத்துக்குத்தான் ஒரு நாள் காலையில் யுத்தம் வந்து சேர்ந்தது.

வந்தது ஜெயித்த ராணுவமல்ல, பின்வாங்கி வந்த ராணுவம். ஆயிரத்து இருநூறு பேர், கோவேறு கழுதைகள், துணியால் கட்டுப்போட்ட தலைகள், கைகள். எதிரி இரண்டு நாள் தொலைவில் துரத்திக்கொண்டு வருகிறான் என்றார்கள். அவர்களுக்குத் தலைவராக வந்த தளபதியைப் பார்த்ததும் துறைக்காரர்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு. தொப்பை வேறு. ராணுவத்தில் இவரை எப்படிச் சேர்த்தார்கள் என்று யாரோ கேட்டதற்கு, “அளக்குறப்ப எம்பி நின்னிருப்பாரு” என்றார் குள்ள மாமா. தன்னைவிட நாலு விரல்தான் உயரம் என்பதில் அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

தளபதி கரையில் நின்று வரைபடத்தை விரித்துப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார். படகைக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்த நெட்டையைப் பார்த்து, “ஏம்மா, இங்க நடந்தே கடக்குற மாதிரி இடம் ஏதாவது இருக்கா?” என்று கேட்டார்.

“இருக்கே. அதோ அந்த ஒத்தைப் பாறைக்கு நேரா. இடுப்பளவுதான்” என்றாள் அவள்.

தளபதி எதிலும் முதலில் தானே இறங்கிப் பார்க்கிற ஆள். பூட்ஸைக் கழற்றி ஒரு சிப்பாயிடம் கொடுத்தார், இறங்கிவிட்டார். துறையே பார்த்துக்கொண்டு நின்றது. ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லோருக்கும் ஒரே எண்ணம்தான்: இவ்வளவு பெரிய மனிதர், நெட்டையை நேருக்கு நேர் பார்த்துத்தானே கேட்டார், அவள் உயரம் தெரிந்துதானே இறங்குகிறார், நீச்சல் தெரிந்தவராக இருக்கும் என்று. முழங்கால் வந்தது, இடுப்பு வந்தது, மார்பு வந்தது. தளபதி திரும்பிப் பார்த்து ஏதோ கேட்க வாயைத் திறந்தார். அதற்குள் ஓட்டம் அவர் காலை வாரிவிட்டது. தொப்பி ஒரு பக்கம் போனது, தளபதி ஒரு பக்கம் போனார்.

கரையில் முப்பது துப்பாக்கிகள் நெட்டையைப் பார்த்துத் திரும்பின. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. ‘ஐயையோ’ என்று ஒரு சத்தம், நாலே எட்டு, தளபதியின் சட்டைக் காலரைப் பிடித்துப் பூனைக்குட்டியைத் தூக்குகிற மாதிரி மேலே தூக்கிவிட்டாள்.

“என்னைக் கொல்லப் பாத்தியா?” என்றார் தளபதி, மூக்கிலும் வாயிலும் தண்ணீர் வழிய.

“நான் இடுப்புன்னுதானே சொன்னேன்? பாருங்க நல்லா. இடுப்புதான்.” ஆற்றுக்கு நடுவில் நின்றபடி அவள் தன்னைக் காட்டினாள். தண்ணீர் சரியாக அவள் இடுப்பில் நின்றது.

“எனக்கு வாய்க்குள்ள வந்துடுச்சேம்மா!”

“அதுக்கு நான் என்னய்யா பண்ணுவேன்? யாரு இடுப்புன்னு கேட்டுட்டுல்ல எறங்கணும்? எங்க பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.”

துப்பாக்கி பிடித்தவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தளபதி அவள் கையில் தொங்கிக்கொண்டே அவளை அண்ணாந்து பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். குலுங்கிக் குலுங்கி, இருமி இருமிச் சிரித்தார். மூன்று மாதமாகத் தோற்றுத் தோற்று ஓடிவருகிற மனிதர் அப்படிச் சிரிப்பதைப் பார்த்து அவருடைய சிப்பாய்களில் சிலருக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த இரண்டு நாளும் அந்த ராணுவத்தை நடத்தியது தளபதியல்ல, நெட்டைதான். நடைக்கு நடை நடுவில் கரையில் நின்று ஒவ்வொரு சிப்பாயையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தாள். தலை தன் காதுக்கு வந்தால், “நீ நட.” வராவிட்டால், “நீ படகு.” பதவியெல்லாம் பார்க்கவில்லை. நெடுநெடுவென்று இருந்த சமையல்காரன் மார்பை நிமிர்த்திக்கொண்டு முதல் ஆளாக நடந்தான். மீசை வைத்த மேஜர் ஒருவர் கழுதைத் தீவன மூட்டைக்கும் அடிபட்டவர்களுக்கும் நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு படகில் உட்கார்ந்து போனார். தளபதி வரிசையில் வந்து பக்கத்தில் நின்றபோது அவள் அளந்துகூடப் பார்க்கவில்லை. “நீங்க போய் உக்காருங்க ஐயா” என்றாள்.

பத்தொன்பது படகுகளும் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை ஓய்வில்லாமல் போய் வந்தன. தளபதி பெரும்பாலும் அவள் படகில்தான் போய் வந்தார். அவளும் அவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். இந்தப் பலகை அப்பா போட்டது, இந்தப் பலகை நான் போட்டது, இது சற்று இடது பக்கம் இழுக்கும், அதை அதட்டாமல் தட்டிக்கொடுத்துக் கொண்டுபோக வேண்டும் என்று அவள் பெற்ற பிள்ளையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள்.

“எங்கப்பாவும் தச்சர்தான்” என்றார் தளபதி. “எனக்கு ஒரு ஆணியை நேரா அடிக்க வரல. உருப்பட மாட்டேன்னு பட்டாளத்துக்கு அனுப்பிட்டாரு.”

“அப்ப இந்த யுத்தத்துக்கே உங்க சுத்தியல்தான் காரணம்னு சொல்லுங்க” என்றாள் அவள்.

இரண்டாம் நாள் மதியம், ஏறக்குறைய எல்லோரும் அக்கரை போன பிறகு, ஒரு சிப்பாய் காகிதம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். தளபதி படித்தார். இன்னொரு தரம் படித்தார். அந்த இரண்டு நாளில் முதல் தடவையாக நெட்டையின் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“மேலிடத்து உத்தரவும்மா. ஆத்துல இருக்குற எல்லாப் படகையும் எரிச்சுட்டுத்தான் நாங்க போகணும்.”

குள்ள மாமா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பத்தொன்பது படகென்றால் பத்தொன்பது அடுப்பு. ராத்திரி பகலாக இவர்களை ஏற்றி இறக்கியதற்கு இதுதான் கூலியா என்று ஒரு பெண் வாய்விட்டே கேட்டாள். தளபதி காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

நெட்டையின் மண்டை மட்டும் வேலை செய்தது. “ஐயா, ஒண்ணு கேக்குறேன். எரிக்கணுமா, இல்ல எதிரி கையில கெடைக்கக் கூடாதா? எது முக்கியம்?” என்று கேட்டாள்.

“கெடைக்கக் கூடாது. அதுக்காகத்தான் எரிக்கிறது.”

“அப்ப மூழ்கடிச்சுடுறோம். ஒவ்வொரு கோடையிலயும் அதைத்தானே பண்றோம்? வெயில்ல கெடந்தா மரம் வெடிச்சுடும்னு கல்லை நிரப்பி மடுவுல எறக்கி வச்சுடுவோம். ஒரு வருஷம் கெடந்தாலும் ஒண்ணும் ஆகாது. மேல நின்னு பாத்தா எவனுக்கும் தெரியாது.”

தளபதியின் பக்கத்தில் நின்ற மேஜருக்கு இது பிடிக்கவில்லை. “நாம அந்தப் பக்கம் போனதும் மேல எடுத்து எதிரிக்குக் குடுத்துட்டா?” என்றார்.

“இவங்க அன்னைக்கு எங்கிட்ட நிஜத்தைத்தான் சொன்னாங்க” என்றார் தளபதி. “நான்தான் ஒழுங்கா கேக்கல. இப்ப ஒழுங்கா கேக்குறேன். ஏம்மா, எடுக்க மாட்டீங்களே?”

“நீங்களோ உங்க ஆளுங்களோ திரும்பி வந்து எடுன்னு சொல்ற வரைக்கும் ஒரு படகும் மேல வராது.”

தளபதி தலையாட்டினார். ஆனால் அங்கேயே நின்றார். அக்கரை மேட்டின் மேல் மேலிடத்து ஆள் ஒருவர் தூரக்கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கிறார் என்றார். புகை வர வேண்டும். புகைக்குள்ளே ஒரு படகு எரிவதாவது அவர் கண்ணில் பட வேண்டும். மற்றதெல்லாம் புகையில் மறைந்துவிடும், ஒன்று போதும். சொல்லி முடித்துவிட்டுத் தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டார்.

ஒன்று போதும். யாருடையது?

பதினெட்டு ஆண்களும் ஆற்றைப் பார்த்தார்கள். ஒருவர் துடுப்பில் இல்லாத அழுக்கைத் துடைத்தார். எதற்கும் முந்திக்கொண்டு வாயைத் திறக்கிற குள்ள மாமா, ஏற்கெனவே கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினார். அவர்கள் கெட்டவர்களில்லை. ஒவ்வொருவர் வீட்டிலும் நாலைந்து வாய் இருந்தது. யாராவது ஒருவர் முன்னால் வந்துவிட மாட்டாரா என்று பதினெட்டு பேரும் ஒரே மாதிரி வேண்டிக்கொண்டு நின்றார்கள். அந்த வேண்டுதல்தான் பிறகு அவர்களைப் பல நாள் தூங்கவிடவில்லை.

நெட்டை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பார்த்து முடித்ததும், “என்னுதை எடுத்துக்குங்க” என்றாள்.

“அக்கா!” என்று தங்கை அலறினாள்.

“உனக்கு மூணு பிள்ளைங்க இருக்கு. சும்மா இரு.”

துடுப்புகளை மட்டும் எடுத்துக் கரையில் போட்டாள். தார், கிழிந்த வலை, பழைய வைக்கோல் எல்லாவற்றையும் படகில் போட்டு அவளே இழுத்துவந்து மணலில் நிறுத்தினாள். தீ வைக்கச் சிப்பாய் ஒருவன் வந்தான். தளபதி அவனை விலக்கிவிட்டுத் தானே வைத்தார். “அந்தப் பக்கம் திரும்பிக்கோம்மா” என்றார். அவள் திரும்பவில்லை. அப்பா போட்ட பலகை, தான் போட்ட பலகை எல்லாம் எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுதாள். மூக்கைச் சிந்திச் சிந்தி, மறைக்காமல், சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். தளபதியும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் கடைசிவரை நின்றார். பிறகு தங்கையின் வீட்டுக்காரர் தன் படகில் அவரை அக்கரையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். சாயங்காலத்துக்குள் பதினெட்டுப் படகுகளும் கல் நிரம்பி மடுவுக்குள் போய்விட்டன.

எதிரி வந்தான், பதினொரு மாதம் இருந்தான். வந்த அன்றைக்கே எதிரி அதிகாரி ஒருவன் குள்ள மாமாவைக் கூப்பிட்டு, நடந்து கடக்க இடம் உண்டா என்று கேட்டான். மாமா நெட்டை காட்டிய அதே இடத்தைக் காட்டி, “கழுத்தளவு” என்றார். பொய்யே இல்லை. அவர் கழுத்துதான். அந்தப் படையில் ஒருவனுக்காவது யார் கழுத்து என்று கேட்கத் தோன்றவில்லை, ஒருவனும் ஆற்றில் இறங்கவும் இல்லை. படகு இருக்கும் இடத்தைக் காட்டுகிறவர்களுக்கு மாவு மூட்டை தருகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தான். அந்தப் பதினொரு மாதமும் துறைக்காரர்கள் கல் உடைத்தார்கள், அடுத்தவர் வயலில் களை பறித்தார்கள், அரை வயிற்றோடு படுத்தார்கள். குளிக்கப் போகிறவர்களின் காலுக்குக் கீழேதான் பதினெட்டுப் படகுகளும் கிடந்தன. வாயைத் திறக்க ஓர் ஆள் இல்லை.

யுத்தம் திசை மாறியது. எதிரி வந்த வழியே போனான். தளபதியின் ஆட்கள் சிலர் வந்து, எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் கையெழுத்துப் போட்ட சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர் வேறு ஏதோ முனையில் இருந்தாராம். பதினெட்டுப் படகுகளும் பாசியோடு மேலே வந்தன. மூன்றுக்கு மட்டும் பலகை மாற்ற வேண்டியிருந்தது. மணலில் நெட்டையின் படகு எரிந்த இடம் வெள்ளத்தில் கரைந்து, கரிகூட மிஞ்சவில்லை.

மறுநாள் விசிலண்ணன் முறை கூப்பிட உட்கார்ந்தார். பதினெட்டும் போய் வந்த பிறகு, பழக்கத்தில் கூப்பிட்டாரோ வேண்டுமென்றே கூப்பிட்டாரோ, விசில் ஊதி, “நெட்டை!” என்றார். முதல் படகுக்காரர் தன் படகை இழுத்துவந்து அவள் முன்னால் நிறுத்திவிட்டுத் தள்ளி நின்றார். அடுத்த நாள் இரண்டாவது படகுக்காரர். இப்படித் தினம் ஒருவர். யாரும் கூடிப் பேசி முடிவு செய்ததில்லை, தானாக நடந்தது.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. நெட்டைக்கு அது பிடிக்கவில்லை. அடுத்தவர் படகு அடுத்தவர் செருப்பு மாதிரி. பலகை தாழ்வாக இருக்கும், துடுப்புப் போட்டால் முழங்கால் வந்து தாடையில் இடிக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். அவளால் பொறுக்க முடியாதது வேறு. படகு எரிந்த நாளிலிருந்து துறையில் ஒருவரும் அவளோடு சண்டை போடவில்லை. அவள் என்ன சொன்னாலும், “சரிக்கா.” வேண்டுமென்றே குள்ள மாமாவின் படகை இடித்துப் பார்த்தாள். “பரவால்லம்மா, மரம்தானே” என்றார் அந்த மனுஷர். முன்பு என்றால் அவளுடைய ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பார். வீட்டுக்கு வந்து நெட்டை தங்கையிடம் ஓவென்று அழுதாள். “என்னை விருந்தாளி மாதிரி நடத்துறாங்கடி. எனக்குன்னு ஒரு படகு இருந்தாத்தான் இவனுங்க மறுபடியும் என்னைத் திட்டுவானுங்க.”

ஆனால் மரத்துக்கு எங்கே போவது? யுத்தத்தில் இடிந்த பாலங்களுக்கும் வீடுகளுக்கும் போக ஒரு பலகைகூட அந்தப் பக்கம் வரவில்லை. யுத்தம் முடிந்த வருடம் தளபதியிடமிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. ‘படகை நான் மறக்கவில்லை’ என்று ஒரே வரி. விசிலண்ணன் படித்துக் காட்டினார். “ஞாபகம் வச்சுக்கிட்டு என்ன பண்ண? நாலு பலகை அனுப்பியிருந்தா உக்காரவாவது செய்யலாம்” என்றாள் நெட்டை. சொன்னாலும் அட்டையைப் பத்திரமாகத்தான் வைத்தாள்.

அதற்கடுத்த வருடம், ஒரு நாள் காலை. நெட்டை அவளுடைய முறையை யாருடைய படகிலோ முடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். ஆற்றின் வளைவில் ஒரு படகு வந்தது. வந்தது என்று சொல்வதைவிட மிதந்தும் மிதக்காமலும் தள்ளாடியது என்று சொல்லலாம். உள்ளே ஒரு குட்டை மனிதர் ஒரு கையால் துடுப்புப் போட்டுக்கொண்டு, இன்னொரு கையில் எதையோ வைத்துத் தண்ணீரை இறைத்து இறைத்து வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். படகு நேராக ஒற்றைப் பாறையைப் பார்த்துப் போனது.

“யாருய்யா அது! கண்ணு தெரியல? பாறையில முட்டப் போற!” என்று நெட்டை கத்தினாள்.

“இங்க ஆழம் எவ்வளவும்மா?” என்று அந்த ஆள் திருப்பிக் கத்தினார்.

“இடுப்பு!”

“யாரு இடுப்பு?”

நெட்டையின் கையிலிருந்த துடுப்பு நழுவித் தண்ணீரில் விழுந்தது. வெளியூர்க்காரர்களில் அப்படிக் கேட்கக் கற்றுக்கொண்டவர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் கையில் வைத்துத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது ராணுவத் தொப்பி.

கயிறு போட்டு இழுத்துக் கரை சேர்ப்பதற்குள் துறையே கூடிவிட்டது. தளபதி சாதாரணச் சட்டையில் இறங்கினார். முடி வெளுத்திருந்தது, தொப்பை கரைந்திருந்தது. கட்டைவிரல் நகம் இரண்டும் கன்றிக் கறுத்திருந்தன. வேலையை விட்டுவிட்டாராம். ஊருக்குப் போய் அப்பாவின் பட்டறையைத் திறந்தாராம். இடிந்த வீடுகளில் ஒவ்வொரு பலகையாகப் பொறுக்கி, ஒன்றரை வருடம் தானே அறுத்து, தானே அடித்து, ஒன்பது நாளாக ஆற்றோடு வருகிறாராம்.

“ஆணி அடிக்கக் கத்துக்கிட்டீங்களா ஐயா?” என்றாள் நெட்டை.

“பாத்தா தெரியலையா?”

“தெரியுது, தெரியுது.”

துறைத் தச்சர் படகைச் சுற்றிச் சுற்றி வந்தார். சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார். இணைப்பு ஒவ்வொன்றிலும் ஓர் ஓணான் நுழையலாம். “நல்ல மரம்” என்றார் கடைசியில். “பிரிச்சுப் போட்டுட்டு புதுசா ஒண்ணு கட்டினா, ஆறு மாசத்துல முடிச்சுடலாம்.” தளபதியின் முகம் சுண்டிப்போனது. ஆயிரத்து இருநூறு பேரைக் காப்பாற்றியவர், பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு மார்க்குக்கு நிற்கிற பிள்ளை மாதிரி கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

நெட்டை படகில் ஏறி உட்கார்ந்தாள். துடுப்பைப் பிடித்தாள். நிமிர்ந்து தளபதியைப் பார்த்தாள். முழங்கால் எங்கும் இடிக்கவில்லை. முதுகு வளையவில்லை. உட்காரும் பலகையின் உயரம், காலை உதைத்துக்கொள்ளும் கட்டை, துடுப்புக் கட்டும் முளை எல்லாம் அளவெடுத்த மாதிரி அவளுக்குப் பொருந்தியது. அப்பா கட்டியதுகூட அப்பாவின் அளவுக்குத்தான் இருந்தது.

“எப்படிய்யா?” என்றாள்.

“உங்க உயரத்தை மறக்க முடியுமாம்மா? உங்க இடுப்புல நின்ன தண்ணி எனக்கு எங்க வந்துச்சுன்னு எனக்கில்ல தெரியும். அதை வச்சு என் மேலயே அளந்துக்கிட்டேன்.”

நெட்டை உட்காரும் பலகையை ஒரு தரம் தடவிப் பார்த்தாள். பிறகு தச்சரைப் பார்த்து, “இதைப் பிரிக்க வேண்டாம். நாளைக்கு என் முறையில இதுதான் போகும்” என்றாள்.

“நாளைக்கா? அடைச்சுத் தார் பூசினாக்கூடக் காய ரெண்டு நாள் ஆகும்க்கா. ஆள் ஏறலன்னா கழிஞ்சுபோயிடும், அப்புறம் உங்க முறையே இல்லாமப் போயிடும்” என்றார் தச்சர்.

“இன்னொரு நாள் அடுத்தவங்க படகுல உக்கார மாட்டேன். நாளைக்குப் போகும்.”

அன்று பகல் முழுவதும் தச்சரும் நெட்டையும் தளபதியும் பஞ்சைத் திணித்தார்கள், தாரைப் பூசினார்கள். தளபதி அடைத்த இடங்களைத் தச்சர் அவர் பார்க்காத சமயம் பார்த்து மறுபடி அடைத்தார். மறுநாள் காலையில் படகைத் தண்ணீரில் இறக்கியபோது பழைய ஓட்டைகள் குறைந்திருந்தன, நின்றுவிடவில்லை. கட்டிப்போட்ட இடத்திலேயே நாலு விரல் தண்ணீர் ஏறிவிட்டது. தங்கையைப் பார்த்து, “நீ வராத. வீட்டு ஆள் செல்லாது” என்றாள் நெட்டை. தளபதியிடம், “கட்டினவரும் செல்லாது” என்றாள். அவர் மேல்படியில் விசிலண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு நகத்தைக் கடித்தார், கடிக்க நல்ல நகம் இல்லாததால் மறுபடியும் கையைப் பிசைந்தார்.

ஒன்று, இரண்டு என்று முறை போய்க்கொண்டிருந்தது. அக்கரை போகிறவர்கள் நெட்டையின் படகை எட்டிப் பார்த்தார்கள், எதிரில் நின்ற படகில் அவசரமாக ஏறிக்கொண்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. பிள்ளை குட்டிக்காரர்கள். பதினெட்டாவது படகும் போய்த் திரும்பியது. கரையில் பயணிகள் ஒருவர்கூட மிச்சமில்லை.

விசிலண்ணன் விசிலை வாயில் வைத்தார், எடுத்தார், துடைத்தார். எவ்வளவு தாமதிக்க முடியுமோ அவ்வளவு தாமதித்தார். பிறகு ஊதினார். “நெட்டை!”

நெட்டை துடுப்பைப் பிடித்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். அவள் யாரையும் பார்க்கவில்லை. இரண்டாவது தரமும் படகு போய்விடும், இந்தத் தடவை தன் பிடிவாதத்தாலேயே போய்விடும் என்று நினைத்தாள். விசிலண்ணன் இரண்டாவது விசில் ஊதினார். மூன்றாவது ஊதிவிட்டால் முடிந்தது.

“ஏய் நெட்டை! இது படகா, சல்லடையா?”

குள்ள மாமா தன் படகைக் கட்டிவிட்டுப் படியிறங்கி வந்துகொண்டிருந்தார். “கொஞ்சமாவது வெக்கம் இருக்கா உனக்கு? இதைக் கொண்டாந்து துறையில நிறுத்திக்கிட்டு மகாராணி மாதிரி உக்காந்திருக்க! தள்ளு, எங்க உக்கார்றது? எல்லா எடத்துலயும் உன் காலுதான் நீட்டிக்கிட்டிருக்கு!”

நெட்டை திரும்பிப் பார்த்தாள். இரண்டரை வருடமாக அவள் கேட்காத சத்தம் அது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, அதைவிட வேகமாக வாயில் வார்த்தை வந்தது. “ஏறுறதுன்னா வாயை மூடிக்கிட்டு ஏறுங்க மாமா! உங்க எடைக்கே இது மூழ்கிடும்!”

“என் எடையைப் பத்திப் பேசுறியா நீ?” என்று கத்திக்கொண்டே மாமா ஏறினார். அவர் கையில் ஒரு தகர டப்பா இருந்தது. அவருக்குப் பின்னால் தங்கையின் பக்கத்து வீட்டுப் படகுக்காரர் வந்தார், கையில் ஒரு குவளை. அவருக்குப் பின்னால் முதல் படகுக்காரர், ஒரு வாளியோடு. பதினெட்டுப் படகுகளையும் கரையில் கட்டிவிட்டு அத்தனை பேரும் இறங்கி வந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், இடத்துக்குச் சண்டை போட்டார்கள், படகைத் திட்டினார்கள், நெட்டையைத் திட்டினார்கள். பதினாலு பேரோடு படகு நிரம்பியது. நெட்டை துடுப்பைப் போட்டாள். பதினாலு பேரும் குனிந்து தண்ணீரை இறைக்க ஆரம்பித்தார்கள். இடம் கிடைக்காத நாலு பேர் கையில் டப்பாவோடு கரையில் அடுத்த நடைக்குக் காத்திருந்தார்கள்.